கணவனைக் கொன்ற பெண்ணுக்குச் சட்டத்தில் தனித் தண்டனை உண்டா?

தென்மாவட்டச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கும் நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அவருடைய தங்கைக்கு 29 வயது. திருமணமாகி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. 8 வயதில் மகள், 5 வயதில் மகன். கணவர் குடித்துவிட்டு அடிப்பது முதல் வருடத்திலேயே தொடங்கிவிட்டது. தங்கை இரண்டு முறை அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போயிருக்கிறார். இரண்டு முறையும் சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு) கொடுத்து, இரு வீட்டாரையும் உட்காரவைத்துப் பேசி, சேர்த்து அனுப்பிவிட்டார்கள். ஒருமுறை கை எலும்பு முறிந்து அரசு மருத்துவமனையில் கட்டுப் போட்டபோது, புகுந்த வீட்டார் சொன்னபடி ‘வழுக்கி விழுந்துட்டேன்’ என்று டாக்டரிடம் சொல்லியிருக்கிறார். சம்பவம் நடந்த இரவும் அடி, உதை. ‘விடிஞ்சா நீ உசுரோட இருக்க மாட்ட, புள்ளைங்களும் இருக்காது’ என்று மிரட்டிவிட்டுக் கணவர் படுத்திருக்கிறார். கொஞ்ச நேரம் கழித்து, தங்கை குழவிக் கல்லை எடுத்து அவர் தலையில் போட்டுவிட்டார். விடிவதற்குள் தானே காவல் நிலையத்துக்கு நடந்து போயிருக்கிறார். இப்போது பெண்கள் சிறையில் 40 நாட்களுக்கு மேலாக ரிமாண்டில் இருக்கிறார்.

அக்கா கேட்பது இது: “புருஷனைக் கொன்ன பொம்பளைய அந்தக் காலத்துல வெள்ளைக்காரன் கம்பத்துல கட்டி எரிச்சானாமே, அந்தச் சட்டம்தானே நமக்கும் வந்துச்சு? என் தங்கச்சிக்குத் தூக்குதான்னு மாப்பிள்ளை வீட்டுல சொல்றாங்க. எங்க அப்பா, ‘நான்தான் செஞ்சேன்னு சொல்லிட்டு உள்ள போறேன்’னு நிக்கிறார். தெரிஞ்சவர் ஒருத்தர், ‘பழைய அடி உதையைப் பத்தி கோர்ட்ல வாயே தொறக்காதீங்க, அதுவே கொலைக்கு நோக்கம்னு ஆயிடும்’னு சொல்றார். யார் பேச்சைக் கேக்கறது?”

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் பயத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இன்றைய இந்தியச் சட்டத்தில் கணவனைக் கொன்ற மனைவிக்கென்று தனிக் குற்றமும் இல்லை, தனித் தண்டனையும் இல்லை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 103-ஆம் பிரிவு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 302-ஐப் போலவே, கொன்றவர் ஆணா பெண்ணா, கணவனா மனைவியா என்று பார்ப்பதில்லை. கொலை என்று முடிவானால் ஆயுள் தண்டனை அல்லது மரண தண்டனை. மரண தண்டனை அரிதிலும் அரிதான வழக்குகளுக்கு மட்டுமே என்று உச்ச நீதிமன்றம் 1980-லேயே வரையறுத்துவிட்டது. ஒன்பது ஆண்டுகள் அடிபட்டு, கடைசியில் தானே நிலையத்துக்கு நடந்து போன ஒரு பெண்ணின் வழக்கு அந்த வரையறைக்குள் வரும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆனால், ‘அந்தச் சட்டம்தானே நமக்கும் வந்துச்சு’ என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்வியைச் சும்மா கடந்துபோக முடியாது. அதில் பாதி தவறு, பாதி சரி. சரியான அந்தப் பாதியில்தான் உங்கள் தங்கையின் வழக்கு நிற்கிறது. அதனால் பழைய கதையைச் சற்று நீட்டியே சொல்கிறேன்.

எரித்தது உண்மைதான்

இங்கிலாந்தில் மூன்றாம் எட்வர்ட் காலத்தில், 1351-ல் ஒரு ராஜத்துரோகச் சட்டம் வந்தது. அரசனுக்கு எதிரானது பெரிய துரோகம். அதற்குக் கீழே ‘சிறிய துரோகம்’ என்று ஒன்றை வைத்தார்கள். வேலைக்காரன் எஜமானைக் கொல்வது, பாதிரியார் தன் மேலதிகாரியைக் கொல்வது, மனைவி கணவனைக் கொல்வது ஆகிய மூன்றும் அதில் அடங்கின. கணவன் மனைவியைக் கொன்றால் அது வெறும் கொலை, தூக்கோடு முடிந்தது. மனைவி கணவனைக் கொன்றாலோ, குடிமகன் அரசனுக்கு எதிராகக் கிளம்பியதற்குச் சமம். வீட்டுக்குள் ஆள்பவன் அவன், ஆளப்படுபவள் அவள் என்பதுதான் அந்தச் சட்டத்தின் அடிப்படை.

இந்தக் குற்றத்துக்கு ஆணைத் தரையில் இழுத்துப்போய்த் தூக்கிலிட்டார்கள். பெண்ணை இழுத்துப்போய்க் கம்பத்தில் கட்டி எரித்தார்கள். ஏன் எரிக்க வேண்டும்? பெண்ணின் உடலைப் பொது இடத்தில் சிதைப்பது கண்ணியமில்லை, அதனால்தான் எரிக்கிறோம் என்று 18-ஆம் நூற்றாண்டின் புகழ்பெற்ற சட்ட அறிஞர் பிளாக்ஸ்டோன் விளக்கம் எழுதி வைத்திருக்கிறார். அதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு வயிறு எரிகிறது.

நடைமுறையில், தீ மேலே வருவதற்குள் தண்டனையை நிறைவேற்றுபவன் கயிற்றை இழுத்துக் கழுத்தை நெரித்துவிடுவது பிற்காலத்தில் வழக்கமானது. அதுவும் எப்போதும் நடக்கவில்லை. 1726-ல் லண்டன் டைபர்னில் கேத்தரின் ஹேய்ஸ் என்ற பெண்ணை எரித்தபோது, தீ கையைச் சுட்டதால் தண்டனையை நிறைவேற்றியவன் கயிற்றை விட்டுவிட்டான். அவர் உயிரோடு எரிந்தார். அதற்கு 20 ஆண்டுகளுக்கு முன், 1706-ல், டோர்செஸ்டரில் மேரி சேனிங் என்ற 19 வயதுப் பெண். பெற்றோர் வற்புறுத்திக் கட்டிவைத்த கணவனுக்கு நஞ்சு வைத்ததாகத் தீர்ப்பு. கர்ப்பமாக இருந்ததால் பிரசவம் வரை காத்திருந்து, குழந்தை பிறந்த பிறகு எரித்தார்கள். நான் செய்யவில்லை என்று கடைசிவரை அவர் சொன்னார். அந்தக் காலத்து இங்கிலாந்தில் ஒரு சாதாரணப் பெண்ணுக்கு விவாகரத்து என்ற வழியே கிடையாது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். நீதிமன்றத்தில் விவாகரத்து கேட்கும் சட்டம் 1857-ல்தான் வந்தது. அப்போதும் மனைவியின் தகாத உறவு ஒன்றே கணவனுக்குப் போதுமான காரணமாக இருந்தது. மனைவிக்கோ, கணவனின் தகாத உறவோடு கொடுமை போன்ற இன்னொன்றையும் நிரூபித்தால்தான் விடுதலை.

வெள்ளைக்காரன் மட்டும்தானா என்றால், இல்லை. கணவனையோ குருவையோ பெற்ற பிள்ளையையோ கொன்ற பெண்ணைக் காளைகளை விட்டுக் கிழித்துக் கொல்லச் சொல்கிறது கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம்.

இங்கிலாந்தில் கடைசியாக எரிக்கப்பட்ட பெண் கேத்தரின் மர்ஃபி. 1789-ல், கள்ள நாணயம் செய்த குற்றத்துக்காக. அந்த மரணத்தை அதிகாரியாக அருகிலிருந்து பார்த்த பெஞ்சமின் ஹாமெட் அடுத்த ஆண்டே நாடாளுமன்றத்தில் பேசினார். 1790-ல் எரிப்பது நின்று தூக்கு வந்தது. 1828-ல் ‘சிறிய துரோகம்’ என்ற குற்றமே ஒழிக்கப்பட்டு, கணவனைக் கொல்வதும் மற்றக் கொலைகளைப் போலக் கொலையானது. மெக்காலே குழு இந்தியாவுக்கான வரைவை எழுதியது 1837-ல். அது இந்திய தண்டனைச் சட்டமாக வந்தது 1860-ல். நமக்குச் சட்டம் வருவதற்கு முன்பே அந்தக் குற்றம் செத்துவிட்டது. உங்கள் கேள்வியில் தவறான பாதி இதுதான்.

நமக்கு வந்து சேர்ந்தது வேறொன்று

1671-ல் இங்கிலாந்தில் மேன்னிங் என்றொருவர் வழக்கு. தன் மனைவியோடு இன்னொருவன் இருப்பதைக் கண்டு, அந்த இடத்திலேயே அவனைக் கொன்றுவிட்டார். இதைவிடப் பெரிய ஆத்திரமூட்டல் இருக்க முடியாது என்றது நீதிமன்றம். கொலை என்றில்லாமல் குறைந்த குற்றமாக்கி, கையில் சூடு போடச் சொன்னது. அதையும் மெதுவாகப் போடச் சொன்னது. அதே நூற்றாண்டில், அதே நாட்டில், கணவனைக் கொன்ற மனைவிக்குக் கம்பமும் தீயும்.

ஆத்திரத்தில் செய்த கொலைக்குச் சலுகை என்ற விதி இப்படிப்பட்ட வழக்குகளில்தான் உருவானது. பார்த்தவுடன் ரத்தம் கொதித்து, கையில் கிடைத்ததை எடுத்துக் குத்துபவனை மனதில் வைத்து எழுதிய விதி. அது நம் சட்டத்துக்குள் ‘கடுமையான, திடீர் ஆத்திரமூட்டல்’ என்ற விதிவிலக்காக வந்தது. பழைய 300-ஆம் பிரிவில் இருந்தது, இப்போது 101-ஆம் பிரிவில் இருக்கிறது. இதை நிலைநாட்டினால் கொலைக் குற்றம் குறைந்து, 105-ஆம் பிரிவின்கீழ் கொலையாகாத மரணம் விளைவித்த குற்றமாகும். தண்டனையும் அதற்கேற்ப மாறும்.

வருடக்கணக்கில் அடி வாங்கும் பெண் பெரும்பாலும் அந்த நொடியில் திருப்பி அடிப்பதில்லை. அடித்தால் அவள் செத்துவிடுவாள் என்பது அவளுக்குத் தெரியும். அவன் அசந்த நேரத்தில்தான் அவள் கை எழுகிறது. அப்போது சட்டம் கேட்கிறது: ‘இடையில் நேரம் இருந்ததே, இது எப்படித் திடீர்?’ 1949-ல் இங்கிலாந்தில் டஃபி என்ற பெண், கொடுமைக்காரக் கணவன் படுக்கப் போன பிறகு அவனைக் கொன்ற வழக்கில், ‘திடீரென்று, தற்காலிகமாகக் கட்டுப்பாட்டை இழந்திருக்க வேண்டும்’ என்ற அளவுகோல் உறுதியானது. அவருக்கு அது உதவவில்லை. நம் தேசத்தில் பிறந்து அங்கே வாழ்க்கைப்பட்ட கிரண்ஜித் அலுவாலியாவுக்கும் 1989-ல் அதே கதிதான். பத்தாண்டுக் கொடுமைக்குப் பிறகு, தூங்கிய கணவன்மேல் தீ வைத்ததற்கு ஆயுள் தண்டனை. பெண்கள் அமைப்புகள் விடாமல் போராடி, 1992-ல் மேல்முறையீட்டில் தீர்ப்பு ரத்தாகி, பிறகு குறைந்த குற்றத்துக்கு மாற்றப்பட்டு விடுதலையானார். திடீராக இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனையை இங்கிலாந்து 2009-ல் இயற்றிய சட்டத்தில் நீக்கிவிட்டது. நம் சட்டத்தில் அந்த வார்த்தை இன்னும் இருக்கிறது. 2023-ல் புதுச் சட்டம் எழுதியபோது அதை எடுத்திருக்கலாம், எடுக்கவில்லை. இது பெரிய குறை என்று வெளிப்படையாகவே சொல்கிறேன்.

இருந்தாலும் கதவு முழுதாக மூடியில்லை. மனைவியின் காதலனைச் சுட்டுக்கொன்ற கடற்படை அதிகாரி நானாவதியின் வழக்கில், 1961-ல் உச்ச நீதிமன்றம் அவரது ஆத்திரமூட்டல் வாதத்தை ஏற்கவில்லை. ஆனால் இறந்தவரின் முந்தைய செயல்கள் உருவாக்கிய மனநிலையையும் கணக்கில் எடுக்கலாம் என்று சொல்லி வைத்தது. நம் சென்னை உயர் நீதிமன்றம் 1989-ல் சுயம்புக்கனி வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போனது. குழந்தைகளோடு கிணற்றில் குதித்துத் தான் மட்டும் பிழைத்த தாயின் வழக்கு அது. நல்லதங்காள் கதையை நினைவுகூர்ந்து, தொடர்ந்து சேர்ந்துகொண்டே வரும் ஆத்திரமூட்டலையும் இந்த விதிவிலக்கின் உணர்வுக்குள் கொண்டுவரலாம் என்றது நீதிமன்றம். 2013-ல் கௌஹாத்தி உயர் நீதிமன்றம் மஞ்சு லக்ரா வழக்கில், தொடர்ந்து அடிபட்ட பெண்ணின் மனநிலையை ஏற்று, கணவனைக் கொன்ற குற்றத்தைக் கொலையிலிருந்து (பழைய 302) கொலையாகாத மரணம் விளைவித்த குற்றமாகக் (பழைய 304) குறைத்தது.

இவற்றை அப்படியே உங்கள் தங்கைக்குப் பொருத்திவிட முடியும் என்று நினைத்துவிடாதீர்கள். சுயம்புக்கனி வழக்கில் இறந்தது கணவன் அல்ல. மஞ்சு லக்ரா, தன்னை அடித்துக்கொண்டிருந்த கட்டையைப் பிடுங்கித்தான் அடித்தார். உங்கள் தங்கை விஷயத்தில் ‘கொஞ்ச நேரம் கழித்து’ என்ற மூன்று சொற்களைத்தான் அரசுத் தரப்பு பிடித்துக்கொள்ளும். அந்தக் கொஞ்ச நேரம் ஐந்து நிமிடமா, இரண்டு மணி நேரமா? கணவர் தூங்கியிருந்தாரா, மறுபடி எழ முயன்றாரா? எழுந்து பாய வந்தார் என்றால் தற்காப்பு உரிமையே பேசலாம். உயிருக்கோ பெருங்காயத்துக்கோ நியாயமான அச்சம் இருந்தால் அந்த உரிமை மரணம் விளைவிப்பது வரை நீளும். தூங்கிவிட்டார் என்றால் அது நிற்பது கடினம். நடந்தது எதுவோ அதைத் தங்கை தன் வழக்கறிஞரிடம் மட்டும், முழுமையாகச் சொல்லட்டும். நீங்கள் யாரும் அவருக்குப் பதில் தயாரித்துக் கொடுக்காதீர்கள்.

பழைய அடி உதையைச் சொல்லலாமா?

சொல்ல வேண்டும். உங்களுக்குத் தெரிந்தவர் சொன்னதில் ஒரு உண்மை இருக்கிறது. நீண்ட காலப் பகையை நோக்கம் என்று காட்ட அரசுத் தரப்பு முயலும். ஆனால் அவர்கள் எப்படியும் அக்கம்பக்கத்தாரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி, ‘இவங்களுக்குள்ள எப்பவும் சண்டைதான்’ என்று சொல்ல வைப்பார்கள். நீங்கள் மௌனமாக இருந்தால் அந்தச் சண்டையில் யார் அடித்தது, யார் அடிவாங்கியது என்பது மட்டும் வெளியே வராமல் போகும். நோக்கம் பதிவாகிவிடும், காரணம் பதிவாகாது. ஆத்திரமூட்டல் வாதத்தை நிரூபிக்கும் பொறுப்பு நம்மேல்தான். ஆனால் அரசுத் தரப்பைப் போலச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை, இப்படித்தான் நடந்திருக்கக் கூடும் என்று நீதிமன்றம் நம்பும் அளவுக்குக் காட்டினால் போதும். அதற்குக் காகிதம் வேண்டும்.

அந்த இரண்டு சி.எஸ்.ஆர். ரசீதுகளைத் தேடி எடுங்கள். தொலைந்திருந்தால் எண்ணையும் தேதியையும் வைத்து வழக்கறிஞர் மூலம் நிலையப் பதிவை வரவழைக்கலாம். கை முறிந்தபோது மருத்துவமனையில் போட்ட ஏ.ஆர். காப்பியையும் (காயத்தைப் பதிவு செய்யும் விபத்துப் பதிவேட்டின் நகல்) எக்ஸ்ரேயையும் வாங்குங்கள். ‘வழுக்கி விழுந்தேன்’ என்று அதில் இருப்பதால் பயனில்லை என நினைக்காதீர்கள். எந்த எலும்பு, எப்படி முறிந்தது, விழுந்து முறிந்ததா, கட்டையால் அடித்து முறிந்ததா என்று அந்த டாக்டரையே குறுக்கு விசாரணையில் கேட்கலாம். தங்கை உங்களுக்கு அனுப்பிய வாட்ஸ்அப் குரல் பதிவுகள், காயப் படங்கள் இருந்தால் அந்த போனை மாற்றாமல், எதையும் அழிக்காமல் வையுங்கள்.

இதையெல்லாம் போலீஸிடமோ நிருபரிடமோ இப்போது கொட்டாதீர்கள். குறுக்கு விசாரணையிலும், குற்றம் சாட்டப்பட்டவரை நீதிபதி கேள்வி கேட்கும் கட்டத்திலும், நம் தரப்புச் சாட்சிகள் வழியாகவும் சொல்லும் வரிசை ஒன்று இருக்கிறது. அதை வழக்கறிஞர் முடிவு செய்வார்.

அப்பா பழியை ஏற்பது

வேண்டாம். அவருடைய மனதை நான் மதிக்கிறேன். ஆனால் தங்கை தானே நிலையத்துக்குப் போயிருக்கிறார், ரத்தக்கறையும் கைரேகையும் இருக்கும். உண்மையான குற்றவாளியை மறைக்கப் பொய்த் தகவல் தருவதே தனிக் குற்றம். அதைவிட மோசம், இந்தக் குடும்பம் பொய் சொல்லும் என்று ஆகிவிட்டால், ஒன்பது வருட அடியைப் பற்றி நீங்கள் சொல்லும் உண்மையும் நம்பப்படாது.

தங்கை போலீஸிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டாரே என்று அழுதிருக்கிறீர்கள். போலீஸ் அதிகாரியிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் அவருக்கு எதிரான சாட்சியமாகாது. அவர் கொடுத்த தகவலே எஃப்.ஐ.ஆர். ஆகியிருந்தாலும், குற்றத்தை ஒப்புக்கொள்ளும் பகுதிக்கும் அதேதான். அதே சமயம், ஓடி ஒளியாமல் தானே போனார் என்பது அவருக்குச் சாதகமான நடத்தை. ‘தப்பை ஒத்துக்கிட்டா தண்டனை குறையும்’ என்று யாராவது சொன்னால் மட்டும் கேட்காதீர்கள். கொலைக் குற்றச்சாட்டை அப்படியே ஒப்புக்கொண்டால் குறைந்தபட்சமே ஆயுள்தான்.

ஜாமீனும் வக்கீலும்

கொலை வழக்கில் முதல் ரிமாண்ட் தேதியிலிருந்து 90 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகவில்லை என்றால் ஜாமீன் அவரது உரிமை. ஆனால் மனுப் போட்டுக் கேட்க வேண்டும், தானாக வராது. குற்றப்பத்திரிகை வந்துவிட்ட பிறகு அந்த உரிமையைக் கேட்க முடியாது. அதற்கு முன்பே, பெண் என்ற அடிப்படையிலும் சிறு குழந்தைகளின் தாய் என்ற அடிப்படையிலும் செஷன்ஸ் நீதிமன்றத்திலோ உயர் நீதிமன்றத்திலோ ஜாமீன் கேட்கலாம். பெண் என்பதாலேயே கொடுத்துவிடுவார்கள் என்று எண்ண வேண்டாம், அது நீதிமன்றத்தின் விருப்புரிமை.

வக்கீலுக்காக நகையை அடகு வைக்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். பெண்களுக்கும் காவலில் இருப்பவர்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குச் சிறையிலிருந்தே மனு அனுப்பலாம், 15100 என்ற எண்ணிலும் பேசலாம். தனி வக்கீல் வைப்பதானால், செஷன்ஸ் கொலை வழக்கு நடத்தியவராகப் பாருங்கள்.

குழந்தைகள்

குழந்தைகள் இப்போது மாமியார் வீட்டில். ஆறு வயது வரை குழந்தை தாயுடன் சிறையில் இருக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2006-ல் நெறிமுறை வகுத்திருக்கிறது. மகனுக்கு ஐந்து வயது என்பதால் சில மாதங்களே மிச்சம். அந்தச் சில மாதங்களுக்காக அவனுடைய அக்காவிடமிருந்து அவனைப் பிரித்துச் சிறைக்கு அனுப்புவதை நான் விரும்பமாட்டேன். குழந்தைகள் நலக் குழுவை அணுகி, இருவரும் உங்களிடம் இருக்க வழி கேளுங்கள். மகள் அன்று இரவு விழித்திருந்தால் அவள் சாட்சியாகலாம். அவளிடம் நடந்ததைத் திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள், எதையும் சொல்லிக் கொடுக்காதீர்கள். சொல்லிக் கொடுத்த குழந்தையின் பேச்சை நீதிபதி கண்டுபிடித்துவிடுவார், அது தங்கைக்கே எதிராகத் திரும்பும். அப்பன் சொத்தில் பிள்ளைகளுக்குப் பங்கில்லை என்று அந்த வீட்டார் சொல்வது தவறு. கொலை செய்தவர் இறந்தவரின் சொத்தை வாரிசாகப் பெற முடியாது என்பது இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு. அந்தத் தடை தங்கைக்கு வரலாம், பிள்ளைகளுக்குக் கிடையாது.

அடுத்த முறை சிறைக்கு மனுப் பார்க்க, அதாவது தங்கையைச் சந்திக்கப் போகும்போது தங்கையிடம் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள். கைதான அன்று டாக்டர் அவரைப் பார்த்தாரா, அன்றைய அடியின் காயங்களைக் காட்டினாரா, சிறையில் சேர்க்கும்போது உடம்பில் இருந்த காயத்தை எழுதினார்களா? அன்று இரவு அவர் அடிபட்டதற்கு அந்த இரண்டு பதிவுகளைவிட நல்ல சாட்சி இல்லை. பதிலை அன்றைக்கே வக்கீலிடம் சொல்லி, நகல் கேட்டு மனுப் போடச் சொல்லுங்கள். 90 நாளில் பாதி நெருங்கிவிட்டது.